நாங்க படாத கஷ்டமா?

அமெரிக்காவில் ஓய்வு பெறுகிற வயதில் இருக்கும் விமான கேப்டன் யாரையாவது சந்திக்க வாய்த்தால் ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள். ‘சார், நீங்க ஓட்டினதிலேயே உங்களுக்கு ரொம்பப் பிடிச்ச ப்ளேன் எது?’

முன்னூறு பேரை ஏற்றிக்கொண்டு கடல் தாண்டும் போயிங் 777 என்று பதில் வரும் என எதிர்பார்ப்பீர்கள். பெரும்பாலும் வராது. முகம் மலர்ந்து ‘பீச் 1900’ என்பார். அல்லது ‘மெட்ரோலைனர்’, ‘ஜெட்ஸ்ட்ரீம் 31’ என்பார். எல்லாமே 19 பேர் உட்காரும், இரட்டை ப்ரொப்பல்லர் வைத்த குட்டி விமானங்கள். நம்ம ஊர் மினி பஸ்ஸுக்கு இறக்கை முளைத்த மாதிரி இருக்கும்.

அதற்குப் பிறகு ஒரு மணி நேரத்துக்கு நீங்கள் தப்பிக்க முடியாது. ஒரே நாளில் எட்டுத் தடவை ஏறி இறங்கிய கதை. ஆட்டோ பைலட் இல்லாமல் முழுக்க முழுக்கக் கையால் ஓட்டிய கதை. கோ-பைலட்டே பெட்டிகளைத் தூக்கி அடுக்கி, கதவைச் சாத்தி, முதுகை வளைத்துக்கொண்டு உள்ளே நடந்து, ‘எல்லாரும் பெல்ட் போட்டுக்குங்க’ என்று சொல்லிவிட்டு ஓடிப்போய்த் தன் சீட்டில் உட்கார்ந்த கதை. வாடகை கொடுக்க முடியாமல் ஆறு பேர் ஒரே அறையில் அடுக்குக் கட்டிலில் படுத்த கதை. காசு போட்டால் பாக்கெட் விழும் மெஷினில் ராத்திரிச் சாப்பாட்டை முடித்த கதை.

முடிக்கும்போது ஒரு வரி வரும். ‘அதுதான் சார் நிஜமான ஃப்ளையிங். இப்ப இருக்கற பசங்களுக்கு என்ன தெரியும்? பட்டனை அமுக்கறாங்க. நாங்க படாத கஷ்டமா?’

கதைகள் சுவாரசியமானவை. நானும் இவற்றைத் தேடித் தேடிப் படிக்கிறவன்தான். ஆனால் அந்தக் கடைசி வரியில் எனக்கு எரிச்சல் வந்துவிடுகிறது. இந்த வாரம் அந்த எரிச்சலைத்தான் உங்களிடம் கொட்டப் போகிறேன்.

‘எங்கேயோ அமெரிக்காவில் ஒருத்தர் பழங்கதை பேசினால் உனக்கென்ன வலிக்கிறது?’ என்று கேட்பீர்கள். எனக்கு மட்டும் இல்லை, உங்களுக்கும் வலிக்க வேண்டும். அவர் முன் சீட்டில் உட்கார்கிறவர். நீங்களும் நானும் பின் சீட்டில் உட்கார்கிறவர்கள்.

*

முதலில் அவர்கள் பக்க நியாயத்தைச் சொல்லிவிடுகிறேன்.

பெரிய ஜெட் விமானம் 35 ஆயிரம் அடிக்கு மேலே போய்விடும். மழை, மேகம் எல்லாம் காலுக்குக் கீழே. குட்டி ப்ரொப்பல்லருக்கு அந்த வசதி கிடையாது. பத்து, இருபது ஆயிரம் அடியில், மேகத்துக்குள்ளேயேதான் குடித்தனம். இறக்கையில் ஐஸ் கட்டும். விமானம் பொட்டலம் மாதிரித் தூக்கித் தூக்கிப் போடும். கண்டங்களைத் தாண்டும் கேப்டன் ஒரு மாதத்தில் தன் கையால் விமானத்தை இறக்குவது சில தடவைதான். குட்டி விமானக்காரர் அதை ஒரு நாளில் முடித்துவிடுவார். இருபத்தைந்து வயதில், பக்கத்தில் ஒரே ஒரு ஆள், பின்னால் 19 உயிர்கள், கண் முன்னால் இருட்டில் ஒரு சிறு ஊரின் ரன்வே விளக்குகள். பனிமூட்டத்திலிருந்து அந்த விளக்குகள் திடீரென்று தெரியும்போது வருகிற சந்தோஷம் பொய்யில்லை. அதை வாழ்நாள் முழுக்க ஒருவர் பேசிக்கொண்டிருந்தால் நாம் குறை சொல்ல முடியாது.

என் கேள்வி வேறு. அந்தச் சந்தோஷத்துக்கு விலை கொடுத்தது யார்?

1978 வரை அமெரிக்காவில் எந்த விமான கம்பெனி எந்த ஊருக்குப் போக வேண்டும், என்ன டிக்கெட் வைக்க வேண்டும் என்பதை அரசாங்கம் தீர்மானித்தது. அந்த வருடம் சட்டம் போட்டுக் கட்டுப்பாட்டைத் தளர்த்தினார்கள். பெரிய கம்பெனிகள் லாபமில்லாத சின்ன ஊர்களிலிருந்து ஜெட் விமானங்களை எடுத்துக்கொண்டு போயின. அந்த இடத்தைப் பிடித்தவைதான் ‘கம்யூட்டர்’ விமான கம்பெனிகள். சின்ன ஊரில் ஆளை ஏற்றிக்கொண்டு வந்து பெரிய ஏர்போர்ட்டில் கொட்டுவது அவர்கள் வேலை. அங்கிருந்து பெரிய கம்பெனியின் ஜெட்.

நாளாக ஆக, குட்டி விமானத்தின் வால் மீது பெரிய கம்பெனியின் வர்ணத்தையே பூசினார்கள். டிக்கெட்டிலும் பெரிய கம்பெனியின் பெயர். ஓட்டுகிற கம்பெனியோ வேறு. சம்பளம் வேறு. பயிற்சி வேறு. ஏறும் பயணிக்கு இது தெரியாது. தெரிய வேண்டும் என்று யாரும் ஆசைப்படவும் இல்லை.

அது ஏன் சொல்லி வைத்தாற்போல் 19 சீட்? இருபதாவது பயணி ஏறினால் ஒரு ஏர்ஹோஸ்டஸ் வேண்டும் என்பது சட்டம். 19 வரைக்கும் வேண்டாம். ஒரு சம்பளம் மிச்சம். கோ-பைலட் கதவைச் சாத்தி, முதுகை வளைத்து நடந்து வந்து பெல்ட் போடச் சொன்னாரே, அந்த ரசமான கதைக்குப் பின்னால் இருப்பது இந்தக் கணக்குதான்.

இன்னொரு கணக்கையும் பாருங்கள். பெரிய விமானத்தின் பைலட் வருடத்துக்கு 1,000 மணி நேரத்துக்கு மேல் பறக்கக் கூடாது என்று விதி இருந்தது. குட்டி கம்யூட்டர் விமானங்களுக்கு வேறு விதிப் புத்தகம். அங்கே 1,200 மணி நேரம். மேகத்துக்குள் போகிறவர், கையால் ஓட்டுகிறவர், நாளைக்கு எட்டுத் தடவை இறங்குகிறவர் யாரோ, அவர்தான் அதிக நேரம் ஓட்டலாமாம். இரண்டு புத்தகத்தையும் ஒன்றாக்க 1995 டிசம்பர் வரை ஆனது. அந்த விதி முழுசாக நடைமுறைக்கு வர 1997 ஆகிவிட்டது. கேப்டன்கள் ‘பொற்காலம்’ என்று சொல்வது பெரும்பாலும் அதற்கு முந்தைய வருடங்களைத்தான்.

*

இவ்வளவு கஷ்டத்தை ஏன் ஒருவன் ஒத்துக்கொண்டான்? கல்யாணமாகாத வயசு, ஆகாயத்தின் மேல் காதல் என்பார்கள். பாதி உண்மை. மீதி உண்மை அவன் லாக் புக்கில் இருந்தது.

பெரிய கம்பெனியில் வேலை கிடைக்க ஆயிரக்கணக்கான மணி நேரம் பறந்த கணக்கு வேண்டும். அந்த மணிகளைச் சேர்க்கக் குட்டி விமானம்தான் வழி. கம்யூட்டர் கம்பெனி முதலாளிக்கு இது நன்றாகத் தெரியும். ஆகவே சம்பளத்தைப் பாதி டாலராகவும் பாதி ‘மணி’யாகவும் கொடுத்தார். தொண்ணூறுகளின் ஆரம்பத்தில் புதுக் கோ-பைலட்டின் வருடச் சம்பளம் 15,000 டாலருக்கும் கீழே இருப்பது சகஜம். அதிலும் ஆட்டோ மீட்டர் மாதிரி ஒரு ஏற்பாடு. விமானம் நகர ஆரம்பித்தால்தான் மீட்டர் ஓடும். பெட்டி தூக்கும் நேரம், ஐஸ் உருகட்டும் என்று காத்திருக்கும் நேரம், அடுத்த ஃப்ளைட்டுக்காக ஏர்போர்ட் பெஞ்சில் உட்காரும் நேரம் எதற்கும் காசு கிடையாது.

சில கம்பெனிகள் இன்னும் ஒரு படி மேலே போயின. வேலை வேண்டுமா, பயிற்சிச் செலவை நீயே கட்டு. எட்டாயிரம், பத்தாயிரம் டாலர். வருடச் சம்பளத்தில் பாதிக்கு மேல் முன்பணமாகக் கொடுத்து வேலைக்குச் சேர்வது! நம் ஊரில் இதற்கு வேறு பெயர் வைத்திருக்கிறோம். அது என்னவென்று உங்களுக்கே தெரியும்.

இப்படித்தான் ஆறு பேர் ஒரே அறை, மெஷின் சாப்பாடு எல்லாம் வந்தது. அது சாகசம் இல்லை. ஒரு கம்பெனியின் பேலன்ஸ் ஷீட்டில் மிச்சம் பிடித்த தொகை.

*

சரி, கஷ்டப்பட்டார்கள், முன்னேறினார்கள், இப்போது பேசுகிறார்கள். போகட்டுமே என்று விடலாம். விட முடியாததற்குக் காரணம், பேச முடியாமல் போனவர்கள்.

1993 டிசம்பர் 1. மின்னசோட்டா மாநிலத்தில் ஹிப்பிங் என்கிற சிறு ஊர். இரவு, பனி. ஒரு ஜெட்ஸ்ட்ரீம் 31 ரன்வேயை எட்டாமலே மரங்களில் மோதி விழுந்தது. 18 பேரும் இறந்தார்கள். விசாரணையில் தெரிந்தது என்ன? கேப்டன் கோ-பைலட்களை மிரட்டி உருட்டுகிறவர் என்று கம்பெனியில் பேர் எடுத்தவர். அன்றும் கிளம்புவதற்கு முன்பே கோ-பைலட்டைக் கடிந்துகொண்டிருக்கிறார். இறங்கும்போது விமானம் வேகமாகக் கீழே போகிறது. உயரம் குறைகிறது என்று குரல் கொடுக்க வேண்டியவர் கோ-பைலட். அந்தக் குரல் சரியாக வரவில்லை. இருவருக்கும் நடுவே ஒத்துழைப்பு உடைந்துபோயிருந்ததை விசாரணைக் குழு விபத்தின் காரணத்திலேயே சேர்த்து எழுதியது. கேப்டனின் குறைகளைக் கம்பெனி சரிசெய்யவில்லை என்றும் எழுதியது.

பழைய கதைகளில் இந்தக் கேப்டனும் வருவார். ‘எங்க சீனியர் ஒருத்தர் இருந்தார், சிங்கம் மாதிரி. அவர்கிட்ட திட்டு வாங்கித்தான் நான் பைலட் ஆனேன்’ என்பார்கள். திட்டு வாங்கிப் பிழைத்தவர் சொல்கிறார். ஹிப்பிங் கோ-பைலட் எதுவும் சொல்லவில்லை.

2003 ஜனவரி 8. வட கரோலினாவில் சார்லட். ஒரு பீச் 1900, அத்தனை சீட்டும் நிரம்பியிருந்தது. கேப்டனுக்கு வயது 25. கிளம்பியதும் மூக்கு மேலே மேலே போகிறது. அவர் தள்ளிப் பார்க்கிறார், இறங்கவில்லை. விமானம் விழுந்தது. 21 பேரில் யாரும் மிஞ்சவில்லை. இரண்டு ராத்திரிக்கு முன்னால் ஒரு மெயின்டனன்ஸ் ஷெட்டில் வால் கட்டுப்பாட்டுக் கேபிளைச் சரிசெய்தவர்கள் சில வேலைகளைத் தாண்டிப் போயிருந்தார்கள். அது கம்பெனியின் சொந்த ஷெட்கூட இல்லை, கான்ட்ராக்ட். போதாக்குறைக்கு, பயணிகளின் எடையை அப்போது யாரும் நிறுத்துப் பார்ப்பதில்லை. ‘சராசரி’ என்று ஒரு பழைய எண்ணைப் போட்டுக் கணக்குப் பார்ப்பார்கள். அமெரிக்கர்கள் எப்போதோ அந்த எண்ணைவிடப் பருத்துவிட்டிருந்தார்கள். காகிதத்தில் சரியாக இருந்த விமானம் ஓடுபாதையில் பாரம் அதிகமாகி, பின்பக்கம் கனத்துப்போயிருந்தது. இந்தப் பெண்ணிடம் கைத்திறமை இருந்ததா இல்லையா என்கிற கேள்விக்கே அங்கே இடமில்லை. ஒருவேளை அவர் பிழைத்து, இன்று பெரிய ஜெட்டின் கேப்டனாகியிருந்தால், அவரும் தன் பீச் நாட்களைப் பற்றி ஆசையாகப் பேசிக்கொண்டிருப்பாரோ என்னவோ.

2009 பிப்ரவரி 12. நியூயார்க் பக்கத்து நூவர்க்கிலிருந்து பஃபலோவுக்குப் போன டேஷ் 8 ரக ப்ரொப்பல்லர் விமானம். டிக்கெட்டில் இருந்தது கான்டினென்டல் பெயர். ஓட்டியது கோல்கன் ஏர் என்கிற கம்யூட்டர் கம்பெனி. இறங்கும் சமயம் வேகம் குறைந்துபோனது. ‘இறக்கை தாங்காது’ என்று எச்சரிக்கத் தானாக ஸ்டியரிங் நடுங்கும் ஏற்பாடு உண்டு. அது நடுங்கியது. அப்போது முன்னால் தள்ள வேண்டும். கேப்டன் பின்னால் இழுத்தார். விமானத்தில் 49 பேர், விழுந்த வீட்டில் ஒருவர். மொத்தம் 50.

கோ-பைலட்டுக்கு வயது 24. சியாட்டில் பக்கத்தில் பெற்றோர் வீட்டில் இருந்தார். வேலை பார்க்கும் ஊர், நாட்டின் மறுகோடியில். நூவர்க்கில் வாடகை கொடுக்கும் சம்பளம் இல்லை. முந்தைய இரவு முழுக்கச் சரக்கு விமானத்தில் ஓசியில் ஏறி, நடுவில் மாறி, வேலைக்கு வந்து சேர்ந்திருந்தார். உடம்பும் சரியில்லை. கேப்டனும் முந்தைய இரவைப் பைலட்கள் காத்திருக்கும் அறையில்தான் கழித்திருந்தார். கோ-பைலட்டின் சம்பளம் வருடத்துக்கு 16 ஆயிரம் டாலர் சொச்சம் என்று விசாரணையில் முதலில் சொன்னார்கள். பிறகு கம்பெனி அதைத் திருத்தி, கிட்டத்தட்ட 24 ஆயிரம் என்றது. எது சரியாக இருந்தாலும் நூவர்க்கில் ஒரு கட்டிலுக்குப் போதாது.

சோர்வுதான் விபத்துக்குக் காரணம் என்று விசாரணைக் குழு அடித்துச் சொல்லவில்லை. கேப்டனின் தவறான செய்கையே காரணம் என்றது. இருவரின் திறனையும் சோர்வு குறைத்திருக்கக்கூடும், எவ்வளவு என்று அளக்க முடியவில்லை என்றது. நானும் அதற்கு மேல் சொல்லப் போவதில்லை. ஆனால் ஒன்று கேட்கிறேன். அன்றைய விமானம் பத்திரமாக இறங்கியிருந்தால்? இரவெல்லாம் சரக்கு விமானத்தில் உட்கார்ந்து வந்து, தும்மிக்கொண்டே வேலை பார்த்த அந்த நாள், முப்பது வருடம் கழித்து ஒரு ரிட்டயர்மென்ட் விருந்தில் ஜோக்காகியிருக்கும். எல்லோரும் கை தட்டியிருப்பார்கள்.

*

இப்போது எதிர்வாதம். அதிலேயே பலமானதை எடுத்துக்கொள்வோம்.

‘நீங்க சம்பளத்தைப் பத்திப் பேசறீங்க. நான் திறமையைப் பத்திப் பேசறேன். ஆட்டோ பைலட்டையே நம்பி வளர்ந்தவன் ஒரு நாள் அது கைவிட்டா என்ன பண்ணுவான்? ஏர் ஃபிரான்ஸ் 447 ஞாபகம் இருக்கா?’

இருக்கிறது. 2009 ஜூன் 1. ரியோவிலிருந்து பாரிஸ் போன ஏர்பஸ் 330. வேகம் காட்டும் கருவி ஐஸ் அடைத்துத் தவறியது, ஆட்டோ பைலட் விலகிக்கொண்டது. நல்ல விமானத்தை மூக்கைத் தூக்கித் தூக்கியே கடலில் விழவைத்தார்கள். 228 பேர். கையால் ஓட்டும் பழக்கம் மங்கிவருகிறது என்பது உண்மையான கவலை. இதில் பெரியவர்களோடு நான் சண்டைக்குப் போகமாட்டேன்.

ஆனால் தேதியைப் பாருங்கள். பஃபலோ விபத்து நடந்து நாலு மாதம்கூட ஆகவில்லை. பஃபலோ கேப்டன் செய்ததும் அதே தப்பு. இழுக்கக் கூடாத நேரத்தில் இழுத்தார். அவர் யார்? ப்ரொப்பல்லர் விமானங்களிலேயே வளர்ந்தவர். கையிலிருந்து காசு கட்டிக் கோ-பைலட் சீட்டில் உட்காரும் திட்டம் ஒன்றின் வழியாக வந்தவர். பல தேர்வுகளில் தவறியவர். அதாவது, பெரியவர்கள் புகழும் அதே பள்ளிக்கூடத்து மாணவர்.

நிஜம் என்னவென்றால் அந்தப் பள்ளிக்கூடம் யாருக்கும் எதையும் ஒழுங்காகச் சொல்லித்தரவில்லை. தண்ணீரில் தூக்கிப் போட்டது. நீந்தியவர்கள் கரையேறி, ‘தூக்கிப் போட்டதாலதான் நீந்தக் கத்துக்கிட்டேன்’ என்கிறார்கள். கைத்திறமை பழக்கத்தால் வரும், நல்ல வாத்தியாரால் வரும். பட்டினியால் வராது. தூக்கம் கெட்டால் இருக்கிற திறமையும் போகும். பஃபலோவுக்குப் பிறகுதான், விமானம் முழுசாகத் தாங்கும் சக்தியை இழக்கும் நிலையை சிமுலேட்டரில் உருவாக்கி, அதிலிருந்து மீள ஒவ்வொரு பைலட்டுக்கும் கற்றுத்தர வேண்டும் என்று அமெரிக்காவில் விதி போட்டார்கள். 2019 மார்ச்சிலிருந்து கட்டாயம். அறைக்குள் உட்கார்ந்து, யாரும் சாகாமல் கற்றுக்கொள்ளலாம். பொற்காலத்தில் இதைப் பொற்காலக்காரர்கள் யாருக்கும் கொடுக்கவில்லை.

*

அந்தக் கடைசி வரிமீது எனக்கு ஏன் இத்தனை கோபம் என்றால், அது கருத்து மட்டும் இல்லை, ஆயுதம். ‘நாங்க படாத கஷ்டமா?’ என்பதை முதலாளி சொன்னால் தொழிலாளி சண்டைக்குப் போவான். சீனியர் சொன்னால் வாயை மூடிக்கொள்வான். ஆகையால் முதலாளி சொல்ல வேண்டியதேயில்லை. சீனியர் சம்பளமில்லாமல் சொல்லிக்கொடுத்துவிடுகிறார்.

எல்லாப் பெரியவர்களும் அப்படியில்லை. 2009 ஜனவரியில் எஞ்சின் இரண்டும் நின்றுபோன ஏர்பஸ்ஸை ஹட்சன் ஆற்றில் இறக்கி 155 பேரைக் காப்பாற்றினாரே, கேப்டன் சல்லன்பெர்கர், ஞாபகம் இருக்கிறதா? பஃபலோ விபத்து நடந்து பன்னிரண்டாம் நாள் அவர் அமெரிக்க நாடாளுமன்றக் கமிட்டி முன் உட்கார்ந்தார். உலகமே கை தட்டிக்கொண்டிருந்த நேரம். என் காலத்தில் நாங்கள் எப்படியெல்லாம் வளர்ந்தோம் என்று அவர் அளக்கவில்லை. தன் சம்பளம் 40 சதவீதம் வெட்டப்பட்டதையும் பென்ஷன் பறிபோனதையும் சொன்னார். தன் பிள்ளைகள் இந்தத் தொழிலுக்கு வர வேண்டும் என்று நினைக்கும் பைலட் ஒருவரைக்கூடத் தனக்குத் தெரியாது என்றார். இதைத்தான் நான் பெரியமனிதத்தனம் என்பேன்.

பஃபலோவில் இறந்தவர்களின் குடும்பத்தார் வாஷிங்டனுக்கு நடையாய் நடந்தார்கள். 2010 ஆகஸ்டில் சட்டம் வந்தது. அதுவரை 250 மணி நேரம் பறந்தவர் கோ-பைலட்டாக உட்கார முடியும். பொதுவாக 1,500 மணி நேரம் வேண்டும் என்று மாற்றினார்கள். 2014 ஜனவரி முதல், வேலைக்கு முன் 10 மணி நேர ஓய்வு, அதில் எட்டு மணி நேரம் தூங்க வாய்ப்பு என்று விதி வந்தது.

அப்புறம் ஒரு வேடிக்கை நடந்தது. 1,500 மணி நேரக்காரர்கள் எளிதில் கிடைக்கவில்லை. கொரோனாவுக்குப் பிறகு தட்டுப்பாடு முற்றியது. ‘இதுக்கு மேல கொடுத்தா கம்பெனியை மூட வேண்டியதுதான்’ என்று முப்பது வருடம் சொல்லிவந்த தொழில், 2022இல் புதுக் கோ-பைலட்டுக்கு மணிக்கு 90 டாலர் கொடுக்க ஆரம்பித்தது. அமெரிக்கன் ஏர்லைன்ஸின் மூன்று சின்ன கம்பெனிகள் அதை அறிவித்தன. பணம் எங்கிருந்து வந்தது? முன்பும் அங்கேதான் இருந்தது.

பசி போனதால் பைலட்களின் திறமை கெட்டுப்போனதா? பஃபலோவுக்குப் பிறகு கிட்டத்தட்ட பதினாறு வருடம் அமெரிக்க விமான கம்பெனி எதிலும் கூட்டமாக மக்கள் சாகும் விபத்து நடக்கவில்லை. 2025 ஜனவரி 29 அன்று வாஷிங்டனில் ஒரு சிறு ஜெட்டும் ராணுவ ஹெலிகாப்டரும் மோதி 67 பேர் இறந்தார்கள். அது வேறு கதை, வேறு தப்புகள். இந்தப் பதினாறு வருடத்துக்கும் சம்பளமும் தூக்கமும் மட்டுமே காரணம் என்று சொல்ல நான் முட்டாள் இல்லை. நூறு காரணங்கள் உண்டு. ஆனால் கஷ்டப்பட்டால்தான் நல்ல பைலட் உருவாவான் என்கிற வாதம் மட்டும் அந்தப் பதினாறு வருடத்தில் பொய்த்துப்போனது.

*

நம் கதைக்கு வருகிறேன். இங்கே குட்டி ப்ரொப்பல்லர் பள்ளிக்கூடம் பெரிதாக இல்லை. 200 மணி நேரம் பறந்து லைசென்ஸ் வாங்கியவர், பயிற்சிக்குப் பின் நேராக ஏர்பஸ் கோ-பைலட் ஆகலாம். ஆனால் கம்யூட்டர் பொற்காலத்தின் மற்ற லட்சணங்கள் எல்லாம் பத்திரமாக வந்து சேர்ந்துவிட்டன. லைசென்ஸுக்கு வீட்டை அடகு வைத்து அரைக் கோடிக்கு மேல் செலவு. குறிப்பிட்ட ரக விமானம் ஓட்டக் கற்றுக்கொள்ளும் செலவையும் பெரும்பாலும் பையனின் அப்பாவே கட்டுகிறார். இருபத்திரண்டு வயதில் அத்தனை கடனோடு உட்கார்ந்திருக்கும் ஒருவன், ‘எனக்குத் தூக்கம் வருது, இன்னிக்கு ஓட்ட முடியாது’ என்று கம்பெனியிடம் சொல்வானா? நீங்களே சொல்லுங்கள்.

2024 ஜனவரியில் இந்திய விமானப் போக்குவரத்து இயக்குநரகம் புதிய ஓய்வு விதிகளை வெளியிட்டது. வார ஓய்வு 36 மணி நேரத்திலிருந்து 48 ஆகும். இரவு வேலையில் ஆறு முறை வரை இறங்கலாம் என்றிருந்தது இரண்டாகும். கம்பெனிகள் இழுத்தடித்தன. பைலட் சங்கங்கள் டெல்லி உயர்நீதிமன்றத்துக்குப் போயின. கடைசியில் 2025இல் ஜூலையிலும் நவம்பரிலுமாக இரண்டு தவணையாக அமலாக்கினார்கள். தயாராக ஒன்றரை வருடத்துக்கு மேல் இருந்தது.

2025 டிசம்பர் முதல் வாரத்தில் என்ன நடந்தது என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. உங்களில் சிலர் அன்று ஏதாவது ஒரு ஏர்போர்ட்டில் பெட்டியைத் தலைக்கு வைத்துப் படுத்திருப்பீர்கள். இண்டிகோவின் விமானங்கள் ஒரே நாளில் ஆயிரத்துக்கு மேல் ரத்தாயின. உடனே அரசாங்கம் என்ன செய்தது? இரவு நேர விதிகள் சிலவற்றிலிருந்து அந்தக் கம்பெனிக்கு 2026 பிப்ரவரி 10 வரை விலக்கு கொடுத்தது. போதுமான பைலட்களை ஏற்பாடு செய்து வைக்காதது கம்பெனி. விட்டுக்கொடுக்கச் சொன்னது பைலட்டின் தூக்கத்தை.

அந்த வாரம் டீக்கடையிலும் டி.வி. விவாதத்திலும் நான் கேட்டது, ‘இவனுங்களுக்கு வாரத்துல ரெண்டு நாள் ரெஸ்ட் எதுக்கு சார்? நம்ம லாரி டிரைவர் தூங்கறானா?’ என்பதைத்தான். லாரி டிரைவர் தூங்குவதில்லை. அதனால்தான் விடியற்காலை நெடுஞ்சாலையில் நின்றுகொண்டிருக்கும் வண்டியில் போய் மோதுகிறார். அவருக்கும் தூக்கம் வேண்டும் என்று கேட்க வேண்டிய நாம், அவரைக் காட்டிப் பைலட்டின் தூக்கத்தைப் பிடுங்கப் பார்க்கிறோம். ‘நாங்க படாத கஷ்டமா?’ என்கிற வரிக்கு பாஸ்போர்ட், விசா எதுவும் வேண்டாம். நம் ஆபீஸில், ஆஸ்பத்திரியில், கோர்ட்டில், சினிமா கம்பெனியில் எல்லாம் அது குடியிருக்கிறது. முப்பத்தாறு மணி நேரம் டியூட்டி பார்க்கும் பயிற்சி டாக்டரிடம் பெரிய டாக்டர் சொல்வதும் அதே வரிதான். படுக்கையில் கிடப்பது நாமாக இருந்தாலும் நாம் அதை ரசிக்கிறோம்.

ஓய்வு பெறும் கேப்டன்களுக்கு ஒரு விண்ணப்பம். கதையை நிறுத்தாதீர்கள் ஐயா, முழுசாகச் சொல்லுங்கள். பனிமூட்டத்திலிருந்து ரன்வே விளக்கு தெரிந்த ராத்திரியைச் சொல்லும்போது, அன்று நீங்கள் எத்தனை மணி நேரம் தூங்கியிருந்தீர்கள் என்பதையும் சொல்லுங்கள். அதே ரூட்டில், அதே மாதிரி ராத்திரியில் திரும்பி வராத நண்பரையும் சொல்லுங்கள். கடைசி வரியை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள். ‘நாங்க பட்டோம், நீங்க பட வேண்டாம்’ என்று சொல்லிப் பாருங்கள். கதை ஒன்றும் ருசி குறைந்துவிடாது.

உங்களுக்கும் ஒன்று. அடுத்த முறை ‘ஊழியர் பற்றாக்குறையால் விமானம் தாமதம்’ என்று அறிவிப்பு வரும்போது கோபப்படுங்கள். கட்டாயம் கோபப்படுங்கள். ஆள் எடுத்து வைக்காத கம்பெனியிடம் அந்தக் கோபத்தைக் காட்டுங்கள். எங்கோ ஒரு அறையில் தூங்கிக்கொண்டிருக்கும் பைலட்டை மட்டும் திட்டாதீர்கள். அவர் நன்றாகத் தூங்கட்டும். நாளைக்கு உங்களை ஏற்றிக்கொண்டு போகப்போவது அவராகவும் இருக்கலாம்.